அச்சுக்கு எவ்வளவு பாரம்?



அரசினர் பாடசாலை அதிபர் ஒருவர் லொறியின் அச்சைப் பற்றிப் பேச முன்வந்தமை உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்தே காலங் கழித்தவன். சில்லு, அச்சு என்னும் சொற்களை இலக்கணத்தில் அறிந்திருந்தேனேயன்றி, அவற்றின் அடியிற் குனிந்து பார்த்தவனல்லேன். என்னை அவ்வாறு குனிந்து பார்க்க வைத்தவர் எனது பழைய மாணவர் ஒருவர்.

அவர் ஐக்கிய அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் மண் அகழும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். 2023 ஆம் ஆண்டு ஆவணியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். கையில் இரண்டு விலைப்பத்திரங்கள் இருந்தன. பத்தாண்டுச் சேமிப்பை முதலாக இட்டுச் சொந்தமாக ஒரு டிப்பர் லொறி வாங்கப் போவதாகவும், எந்த அச்சுள்ள லொறியைத் தெரிவது என்பதில் மனம் ஒருமைப்படவில்லை என்றும் கூறினார்.

"சேர், எனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் என் கணக்கிலே எங்கோ பிழை இருக்கிறது போலத் தோன்றுகிறது. ஒருவருக்கு வாய்விட்டுச் சொன்னால் பிழை தெரியவரும்," என்றார்.

"தம்பி, நான் உமக்குக் கணிதம் படிப்பிக்கவில்லையே," என்றேன்.

"அதனாலேதான் சேர் உங்களிடம் வந்தேன். கணக்குத் தெரிந்தவர்கள் பாதியிலேயே விளங்கிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்."

அவருடைய வேலை இருவகைப்பட்டது. சில நாட்களில் டிப்பர் லொறியிற் சல்லிக்கல் ஏற்றிச் செல்ல வேண்டும். வேறு சில நாட்களில் அதே லொறியின் பின்னே ட்ரெயிலரைக் கொளுவி, அதன்மேல் மண் அகழும் இயந்திரத்தை ஏற்றிச் செல்ல வேண்டும். நம் ஊர்களில் பெக்கோ என வழங்கும் அந்த இயந்திரம் 30,000 இறாத்தல் நிறையுடையது. ட்ரெயிலர் 10,000 இறாத்தல். லொறி வெறுமையாக 26,000 இறாத்தல். ஏற்ற விரும்பிய சல்லிக்கல் 24,000 இறாத்தல்.

இங்கே தொன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. என் வயதினர், 112 இறாத்தல் ஓர் அந்தர், 20 அந்தர் ஒரு தொன் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். அது 2,240 இறாத்தல். அமெரிக்கர் வழங்கும் தொன் 2,000 இறாத்தல் மாத்திரமே. மெற்றிக் தொன்னோ 2,204 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்டது. இருபது தொன் தாங்கும் என்று விளம்பரப்படுத்திய ட்ரெயிலரை வாங்கும் ஒருவர், எந்தத் தொன் என்று கேளாதிருந்தால் 4,800 இறாத்தல் வரை ஏமாறக்கூடும். ஆகையால் இந்தப் பேச்சில் இறாத்தலையே கையாளுகிறேன்.

இனி விலைப்பத்திரங்களுக்கு வருவோம். முதலாவது லொறி பழையது, விலை குறைந்தது. நெடுஞ்சாலையில் நீண்ட ட்ரெயிலரை இழுத்து ஓய்ந்த வண்டியை டிப்பராக மாற்றியிருந்தனர். அதன் முன்னச்சின் தாங்குநிறை 12,000 இறாத்தல். பின்புறத்து இரட்டை அச்சின் தாங்குநிறை 40,000 இறாத்தல். இரண்டாவது லொறி புத்தம் புதியது. விலையோ அவரை இரவில் உறங்கவிடாத விலை. முன்னே 20,000, பின்னே 46,000.

அவர் கணக்குப் பார்த்த முறை இது: லொறி 26,000, சல்லிக்கல் 24,000, இரண்டும் சேர்ந்து 50,000. பழைய லொறியின் அச்சுகள் மொத்தமாக 52,000 தாங்கும். ஆகவே பழையதே போதும், இரண்டாயிரம் மிச்சமும் உண்டு. பார்வைக்குக் குற்றமற்ற கணக்கு. எனக்கும் அன்று அது சரியாகவே பட்டது.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், அளவுமீறி ஏற்றினால் மயிலிறகும் அச்சை முறித்துவிடும் என்னும் கருத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அதை நூறு முறையேனும் வகுப்பில் விளக்கியிருப்பேன். ஆனால் வள்ளுவர் காலத்துச் சாகாட்டுக்கு ஓர் அச்சே உண்டு என்று வைத்தே அதனை நான் விளக்கி வந்தேன். மூன்று அச்சுள்ள வண்டியில் எவ்வளவு பாரம் என்று கேட்பதற்கு முன்னர், எந்த அச்சின்மேல் என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணத்தில் எழுந்ததே இல்லை. என் மாணவரின் கணக்கிற் பிழை ஒளிந்திருந்த இடமும் அதுவே.

பாரம் அச்சுகளுக்கிடையே எப்படிப் பங்கிடப்படும் என்பதை அறிய நெம்புகோல் விதி போதும். நாம் பார்த்த லொறியில் முன்னச்சுக்கும், பின்னிரட்டை அச்சின் நடுப்புள்ளிக்கும் இடைத்தூரம் 18 அடி. சல்லிக்கல் நிரம்பிய பெட்டியின் பாரமையம் அந்தப் பின்புள்ளிக்கு 3 அடி 9 அங்குலம் முன்னே அமைகிறது. பெருக்கிப் பிரித்தால், 24,000 இறாத்தல் சல்லிக்கல்லில் 5,000 இறாத்தல் முன்னச்சுக்குப் போகும். 19,000 பின்னே விழும். வெறும் லொறி முன்னே 11,000, பின்னே 15,000 நிறுக்கும். ஆகவே கல்லோடு முன்னச்சின்மேல் 16,000, பின்னே 34,000.

பழைய லொறியின் முன்னச்சோ 12,000 இறாத்தலுக்கு உரியது. மொத்தக் கணக்கில் இரண்டாயிரம் மிச்சம் காட்டிய அதே வண்டி, முன்னச்சில் நாலாயிரம் மிகைப்பாரத்தோடு ஓடியிருக்கும். பின்னச்சில் ஆறாயிரம் இறாத்தல் இடமிருந்தாலும் அது முன்னச்சுக்கு உதவாது. ஓர் அச்சின் மிச்சத்தை மற்றோர் அச்சுக்குக் கடன் கொடுக்க முடியாது.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், முன்பு தாம் சம்பளத்துக்கு வேலை செய்த ஓரிடத்தில் நடந்ததொன்றைக் கூறினார். அங்கே அவர் ஓட்டிய டிப்பரின் முன்னச்சு 18,000 இறாத்தலுக்கு உரியது. முன்னே ஏறத்தாழ 15,000 இறாத்தல் பாரம். ஒரு நாள் சரிவான தெருவொன்றில் முன் ரயர் வெடித்தது. நல்லூழாகத் தெருவோரம் புல்வெளியாக இருந்தது, வண்டியை அதில் இறக்கி நிறுத்தினார், எவருக்கும் காயமில்லை. "அச்சுக்கு மூவாயிரம் இறாத்தல் மிச்சம் இருந்தது சேர். பின்னும் ஏன் வெடித்தது என்று நான் அப்போது கேட்கவில்லை," என்றார்.

இந்த ஏன் என்பதற்கு விடையே அச்சுத் தாங்குநிறை பற்றிய விளக்கத்தின் நடுநாயகம். அமெரிக்கச் சட்டத்தில் அச்சின் தாங்குநிறை என்பது இரும்புத் தண்டின் வலிமையை மாத்திரம் குறிப்பதன்று. அச்சும் அதனோடு இணைந்த யாவும் சேர்ந்து, ரயர் நிலத்தைத் தொடும் இடத்தில் அளக்கும்போது தாங்கவல்ல நிறையையே அது குறிக்கும். பாரம் பெட்டியிலிருந்து நிலத்துக்கு இறங்கும் வழியைப் பாருங்கள். சட்டகம், வில்லுப்பட்டை, அச்சுத் தண்டு, குடம், அதனுள்ளிருக்கும் உருளைகள், சில்லு, ரயர் என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் கடந்தே அது மண்ணைச் சேர்கிறது. இவற்றுள் எது மிகவும் மெலிந்ததோ, அதன் எண்ணே முழு அச்சின் எண்.

அமெரிக்க லொறிகளில் மிகப் பரவலாகக் காணும் ரயர் அளவு 11 ஆர் 22.5 என்பது. அதில் வலிமை கூடிய வகையும்கூட, அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒற்றையாகப் பூட்டும்போது 6,610 இறாத்தலே தாங்கும். அதுவும் குறித்த காற்றமுக்கம் இருந்தால் மாத்திரம். இரண்டு பக்கமும் சேர்ந்து 13,220. அந்த ரயர்களை 18,000 இறாத்தல் அச்சிற் பூட்டினாலும், 20,000 இறாத்தல் அச்சிற் பூட்டினாலும், அவ்வச்சு 13,220 இறாத்தல் அச்சாகவே மாறிவிடும். 15,000 இறாத்தல் பாரத்தோடு சரிவில் இறங்கிய வண்டியின் ரயர் வெடித்ததில் வியப்பு எதுவுமில்லை. அகலமான 315/80 ஆர் 22.5 அளவு ரயரில் வலிமை மிக்க வகை 9,090 இறாத்தல் தாங்கும், இரண்டும் 18,180. அதனிலும் அகன்ற 425/65 ஆர் 22.5 ரயர் 11,400 தாங்கும், இரண்டும் 22,800. முன்னச்சைத் தெரிபவர் அச்சையும் ரயரையும் வில்லையும் ஒருங்கே தெரிதல் வேண்டும். சில்லுக்கும் தனியே ஓர் எண் உண்டு; அதையும் பார்த்தல் வேண்டும்.

பிறேக்கும் இந்தக் கணக்குக்குப் புறம்பானதன்று. வண்டியின் பிறேக்குகளைச் சோதிப்பது, உற்பத்தியாளர் விதித்த நிறையை ஏற்றி நிறுத்தியேயாகும். விதித்த நிறைக்கு மேல் ஏற்றிய வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பதற்கு எவரும் உறுதி தந்ததில்லை.

சாரதி ஏறும் கதவின் ஓரத்தில் அமெரிக்க லொறிகளில் ஒரு சிறு தகடோ ஒட்டோ இருக்கும். ஒவ்வோர் அச்சின் தாங்குநிறையும், எந்த ரயரும் சில்லும் பூட்டியபோது அந்நிறை பொருந்தும் என்பதும் அதில் எழுதியிருக்கும். பழைய வண்டி வாங்குவோர் முதலில் வாசிக்க வேண்டியது அதையே. ரயரை மாற்றியிருந்தால், தகட்டின் எண்ணை நம்பாமல் ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள எண்ணை வாசிக்க வேண்டும்.

(இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விலைப்பத்திரத்தில் அச்சுக்கு ரேட்டிங் என்றொரு வரியும் ரேஷியோ என்றொரு வரியும் இருந்தன. நான் இரண்டும் ஒன்றெனக் கருதிக் கால்மணி நேரம் குழம்பினேன். ரேட்டிங் என்பது தாங்கும் நிறை. ரேஷியோ என்பது இயந்திரத்திலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழன்றால் சில்லு ஒருமுறை சுழலும் என்னும் விகிதம். அது இழுவைக்கும் வேகத்துக்கும் உரியது. அதைப் பற்றி இன்று பேசப் போவதில்லை.)

இனி ட்ரெயிலரைக் கொளுவும் நாளைப் பார்ப்போம். சிறு வயதில் மாட்டுவண்டியில் நெல்மூடை ஏற்றுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. மூடைகளை மிகவும் முன்தள்ளி அடுக்கினால் முன்பாரமாகி எருதுகளின் கழுத்து அழுந்தும். மிகவும் பின்தள்ளினால் பின்பாரமாகி நுகம் மேலெழும்பிக் கழுத்துக்கயிறு எருதை நெரிக்கும். வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூடையை முன்னே நகர்த்து என்றோ பின்னே தள்ளு என்றோ கூறுவார். அமெரிக்க நெடுஞ்சாலையில் இயந்திரம் ஏற்றிய ட்ரெயிலருக்கும் இதே நியாயந்தான். ஆனால் அங்கே ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்க்க இயலாது.

இவ்வகை ட்ரெயிலரில் மொத்த நிறையின் பத்து முதல் பதினைந்து வீதம் ஏர்க்காலின்மேல் விழுமாறு ஏற்றுவது வழக்கம். நாம் பார்க்கும் ட்ரெயிலரும் பெக்கோவும் சேர்ந்து 40,000 இறாத்தல். அதிற் பதினைந்து வீதம் 6,000 இறாத்தல் லொறியின் கொளுக்கியில் விழும். எஞ்சிய 34,000 ட்ரெயிலரின் சொந்த இரட்டை அச்சில் விழும்.

கொளுக்கி லொறியின் பின்னிரட்டை அச்சுக்கு நேர்மேலே இருப்பதில்லை. அதற்கும் 6 அடி பின்னே இருக்கிறது. ஆகவே கொளுக்கியை அழுத்தும் 6,000 இறாத்தல், பின்னச்சை நடுத்தானமாக வைத்து லொறியின் முன்புறத்தைத் தூக்கப் பார்க்கும். ஊஞ்சற்பலகையின் ஒரு முனையில் ஒருவர் அமர, மறுமுனை எழுவதைப் போன்றது. 18 அடிக்கு 6 அடி, மூன்றில் ஒன்று. முன்னச்சு 2,000 இறாத்தல் இலேசாகும். பின்னச்சின்மேல் 6,000 அன்று, 8,000 ஏறும். முன்னே 9,000, பின்னே 23,000.

இவ்விடத்தில் என் மாணவர் மீண்டும் திடுக்கிட்டார். கனமான இயந்திரத்தை இழுப்பதற்காகவே வலிமையான முன்னச்சு வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் இயந்திரம் இழுக்கும் நாளில் முன்னச்சு வெறுமையாக இருப்பதிலும் இலேசாக இருக்கிறது. முன்னச்சைச் சோதிப்பது சல்லிக்கல்லே. ட்ரெயிலரால் வரும் ஆபத்து வேறுவிதமானது. ஏர்க்காலில் அளவுமீறிய பாரம் விழுந்தால் முன்சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலி குன்றும். மழை நாளிற் சுக்கானைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். ஏர்க்காலிற் பாரம் போதாவிட்டால் ட்ரெயிலர் நாய்வாலைப் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். இரண்டாவது முதலாவதிலும் கொடியது.

இது எவ்வளவு நுண்ணியதென்பதை ஒரு கணக்கால் உணரலாம். கொளுக்கியிலிருந்து ட்ரெயிலர் அச்சுகளின் நடு வரை 20 அடி. 30,000 இறாத்தல் பெக்கோவை ஓரடி முன்னே நகர்த்தினால் ஏர்க்காலில் 1,500 இறாத்தல் கூடும். ஓரடி பின்னே நகர்த்தினால் 1,500 குறையும். நாலடி பின்னே நிறுத்திவிட்டால் ஏர்க்காலில் ஒன்றுமே எஞ்சாது. இறங்கும்போது வசதியாக இருக்கட்டும் என்று இயந்திரத்தை ட்ரெயிலரின் பின்விளிம்பிலேயே நிறுத்தும் சோம்பலுக்கு விலை இதுவே.

இதுவரை கூறியது வண்டி எதைத் தாங்கும் என்பது. தெரு எதைத் தாங்கும் என்பது மற்றொரு கேள்வி. அதற்கு விடை சொல்வது உற்பத்தியாளரன்று, சட்டம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்களில் ஓர் ஒற்றை அச்சுக்கு 20,000 இறாத்தலும், இரட்டை அச்சுக்கு 34,000 இறாத்தலும், முழு வண்டிக்கும் 80,000 இறாத்தலும் எல்லை. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவை 18,000, 32,000, 73,280 என்றிருந்தன. 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கூட்டப்பட்டன. சில மாநிலங்களில் ரயரின் அகலத்துக்கு அங்குலக் கணக்கில் வேறொரு வரம்பும் உண்டு.

தெருவைப் பற்றிய இந்தக் கவலை வெறும் அதிகாரிகளின் பிடிவாதமன்று. இலினோய் மாநிலத்தில், கனடாவின் தலைநகரோடு பெயர் ஒன்றான ஒட்டாவா என்னும் ஊரின் அருகே, 1958 ஒக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை ஒரு பெரிய சோதனை நிகழ்ந்தது. அதற்கெனவே வளையங்களாகத் தெருக்களை அமைத்து, படைவீரர்களைச் சாரதிகளாகக் கொண்டு, பல நிறைகளையுடைய லொறிகளை இரவும் பகலும் ஓட்டினர். ஒற்றை அச்சில் 2,000 இறாத்தல் முதல் 30,000 இறாத்தல் வரையும், இரட்டை அச்சில் 48,000 வரையும் ஏற்றினர். அச்சுகள் 11 இலட்சம் தடவைக்கு மேல் அத்தெருக்களைக் கடந்தன. கிடைத்த முடிவு என்னைப் போன்ற கணக்கறியாதவனையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும். தெருவுக்கு நேரும் சேதம் அச்சின் பாரத்தோடு ஒத்து வளர்வதில்லை. ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் வளர்கிறது. பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. 18,000 இறாத்தல் 20,000 ஆனபோது பாரம் ஒன்பதில் ஒரு பங்கே கூடியது. சேதமோ ஒன்றரை மடங்காகும்.

பாலங்களுக்குத் தனியே ஒரு சூத்திரம் உண்டு. அதுவும் 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. சேற்றுவயலில் ஒருவர் காலூன்றினாற் புதைவார்; பலகை விரித்து அதன்மேல் நடந்தாற் புதையார். பாரம் பரந்து நிற்பதே அங்கு காப்பு. அதுபோல அச்சுகள் நெருங்கி நின்றால் அனுமதி குறையும். விலகி நின்றாற் கூடும். நம்முடைய டிப்பரில் முதலச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 20 அடி. மூன்று அச்சுகளுக்கு அந்த நீளத்தில் சூத்திரம் தருவது 51,000 இறாத்தல். ஒற்றைக்கு இருபதும் இரட்டைக்கு முப்பத்து நான்குமாக 54,000 ஏற்றலாம் என்று தனித்தனியே கூட்டிப் பார்ப்பவர் மூவாயிரம் இறாத்தலால் சட்டத்தை மீறுவார்.

இப்போது அந்தப் புத்தம்புது லொறியைப் பாருங்கள். முன்னே 20,000, பின்னே 46,000. மொத்தம் 66,000 தாங்கும். ஆனால் தெருவில் அது 51,000க்கு மேல் நிறுக்கலாகாது. தாங்கும் வலி இருக்கிறதென்பது ஏற்றுவதற்கு அனுமதியன்று. அன்றியும், கனமான அச்சு தானே நிறை கூடியது. மொத்த நிறைக்கு எல்லை இருக்கும்போது, அச்சில் இரும்பு கூடக்கூடப் பெட்டியிற் கல் குறையும். 46,000 இறாத்தல் அச்சை வாங்குபவர் கூடுதல் விலையை ஒருமுறை கொடுக்கிறார். குறைந்த கூலியை நாள்தோறும் பெறுகிறார்.

அப்படியானால் 34,000 இறாத்தலே சட்ட எல்லையாக இருக்க, 40,000 இறாத்தல் பின்னச்சு எதற்கு என்று கேட்பீர்கள். தராசில் வண்டி அசையாது நிற்கிறது. வேலைத்தலத்திலோ அது குழியில் இறங்கி ஏறுகிறது. ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. பெட்டியைத் தூக்கிக் கல்லைச் சரிக்கும் வேளையில் பாரம் முழுவதும் பின்னோக்கி வருகிறது. அந்த அதிர்ச்சிகளுக்காக ஓரளவு மிச்சம் வைப்பது அறிவுடைமை. எப்போதும் கரடுமுரடான குழிகளில் வேலை செய்வோருக்கு 46,000 பொருந்தலாம். என் மாணவருடைய வேலை பெரும்பாலும் தெருவோரங்களில். அவருக்கு அது மிகை என்பது என் எண்ணம்.

அவருடைய மற்றொரு திட்டத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியிற் சல்லிக்கல்லையும் ஏற்றி, பின்னே பெக்கோவையும் இழுத்து ஒரே பயணத்தில் இரண்டு வேலையை முடிக்கலாம் என்று எண்ணியிருந்தார். கூட்டிப் பார்த்தோம். 26,000, 24,000, 40,000, மொத்தம் 90,000. பின்னிரட்டை அச்சில் மாத்திரம் 42,000. 40,000 இறாத்தல் அச்சுக்கே அது மிகை. சட்டத்துக்கோ எட்டாயிரம் மிகை. விசேட அனுமதி பெறலாமே என்றார். அனுமதி பெறலாம், ஆனால் பிரிக்கவியலாத சுமைக்குத்தான். எட்டு வேலைமணிக்கு மேல் செலவிட்டாலன்றிப் பிரிக்க முடியாத இயந்திரம் அந்த வரைவிலக்கணத்துள் அடங்கக்கூடும். சல்லிக்கல்லை மண்வெட்டியாற் பிரிக்கலாம். கல்லுக்கு அனுமதி இல்லை. அந்தத் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது.

இன்னும் ஓர் ஐயம் அவருக்கு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 44,000 இறாத்தல் இயந்திரமொன்றை வாங்கினால் இந்த லொறி பயன்படுமா என்பது. அதையும் கணித்தோம். ஏர்க்காலைப் பன்னிரண்டு வீதமளவில் வைத்தால் லொறியின்மேல் விழும் பாரம் சிறிதே கூடுகிறது. மிகுதி முழுவதும் ட்ரெயிலரின் அச்சுகளின்மேல் விழுந்து, 34,000 எல்லையைக் கடந்து வெகுதூரம் போய்விடுகிறது. ஆகவே பெரிய இயந்திரம் வரும் நாளில் மாற்ற வேண்டியது லொறியின் அச்சையன்று. மூன்று அச்சுள்ள ட்ரெயிலர் வேண்டும், அதற்கேற்ற அனுமதியும் வேண்டும். லொறியின் இழுவலிக்கும் பிறேக்குக்கும் உற்பத்தியாளர் விதித்த கூட்டுநிறை எல்லையையும் அப்போது பார்க்க வேண்டும். இன்றே அதற்காக லொறியின் அச்சைப் பெருக்குவது, பிள்ளை வளர்ந்து போடும் என்று தகப்பனுக்குப் பெரிய சட்டை தைப்பது போன்றது.

அன்றிரவு உணவு ஆறிப்போயிற்று. என் மனைவி இருமுறை வந்து பார்த்துவிட்டுச் சென்றார். முடிவில் அவர் இரண்டு விலைப்பத்திரத்தையும் மடித்து வைத்து, மூன்றாவதொன்றை எழுதிக் கேட்பதெனத் தீர்மானித்தார். முன்னச்சு 18,000, அதற்கு ஒத்த வில்லும் சில்லும், 18,180 தாங்கும் 315/80 ரயர்கள், பின்னச்சு 40,000. முன்னே வேண்டியது 16,000, இரண்டாயிரம் மிச்சம். பின்னே 34,000, ஆறாயிரம் மிச்சம். விலை இரண்டுக்கும் இடைப்பட்டதாக வந்தது.

ஓர் எச்சரிக்கை மாத்திரம் எஞ்சியிருந்தது. பின்னிரட்டை அச்சில் அவருடைய கல்கணக்கு எல்லையைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. மழை பெய்து கல் நனைந்தால், பெட்டியில் அளவு மாறாதிருக்கவே நிறை கூடும். ஆகவே மழைநாளில் கண்ணளவை நம்பாமல் சற்றுக் குறைத்தே ஏற்றுமாறு சொன்னேன். அவர் சிரித்தார், சிறுவனாக இருந்தபோது நான் எதையாவது சொன்னாலும் அப்படித்தான் சிரிப்பார்.

2024 ஆம் ஆண்டு சித்திரையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. புதிய லொறியைப் பெருந்தராசில் அச்சுவாரியாக நிறுத்த சீட்டுகளின் விவரத்தை எழுதியிருந்தார். கல்லோடு முன்னே 15,860, பின்னே 33,740. பெக்கோவை இழுத்த நாளில் முன்னே 9,120, பின்னே 23,020, ட்ரெயிலர் அச்சுகளில் 33,980. எல்லைக்கு இருபது இறாத்தலே குறைவு. அதைக் கண்டு பெக்கோவை அரையடி முன்னே நகர்த்தி மீண்டும் நிறுத்தாராம். ட்ரெயிலரில் 33,230 ஆகக் குறைந்தது, லொறியின் பின்னச்சு 24,020 ஆயிற்று, முன்னச்சு 8,870. பெக்கோவின் சங்கிலிச்சில்லு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ட்ரெயிலரின் பலகையில் மஞ்சள் வர்ணத்தால் ஒரு கோடு கீறி வைத்திருப்பதாகவும், வேறொருவர் ஓட்டும் நாளிலும் அந்தக் கோட்டைத் தாண்ட விடுவதில்லை என்றும் எழுதியிருந்தார்.